பூஜ்யத்துக்குக் கீழே ஒரு வேகம்

வேகம் என்பது எங்கள் வீட்டில் நெடுங்காலம் வெறும் அபிப்பிராயமாகத்தான் இருந்தது. நங்கநல்லூர்த் தெருக்களில் என் புல்லட் எத்தனை கிலோமீட்டரில் போகிறது என்பதற்கு ஆளுக்கொரு விடை வைத்திருந்தார்கள். தெருமுனையில் சத்தம் கேட்டதுமே அம்மா, "நூறுல வர்றான் பாரு" என்பாள். பின்னால் உட்காரும் மனைவி 80 என்பாள். என் காதில் விழுவதற்கு எவ்வளவு உரக்கத் திட்ட வேண்டியிருக்கிறது என்பதை வைத்து அவள் போடும் கணக்கு அது. மகள் 20 என்பாள். அவளுடைய ஸ்கூட்டர் என்னைத் தாண்டிப் போகும்போது எடுத்த கணக்கு.

என்னிடமும் ஒரு கருவி இருந்தது: கண்ணாடி. புல்லட்டின் அதிர்வு தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். பின்னால் வரும் ஆட்டோ கண்ணாடியில் ஒன்றாகத் தெரிந்தால் வேகம் 40-க்குள். இரண்டாகத் தெரிந்தால் 50. ஆட்டோவையே காணோம், மஞ்சள் நிறம் மட்டும் இருக்கிறது என்றால் 60. இந்த முறையில் குறை ஒன்றே ஒன்றுதான். பின்னால் ஆட்டோ வராவிட்டால் வேகம் தெரியாது.

வண்டியில் மீட்டர் ஏன் இல்லை என்று சொல்ல லண்டன் வரை போய்வர வேண்டும். அங்கே நார்த் சர்க்குலர் ரோட்டில் ஏஸ் கஃபே என்று ஒரு கடை. 1938-இல் திறந்தது. 1950-களிலும் 60-களிலும் தோல் ஜாக்கெட் போட்ட இளவட்டங்கள் ராத்திரியானால் அங்கே கூடுவார்கள். வண்டியில் கனமாக இருப்பதையெல்லாம் கழற்றி எறிந்து, ஹேண்டில்பாரை முழங்கால் மட்டத்துக்கு இறக்கி, டாங்க்கின் மேல் படுத்தபடி ஓட்டுவார்கள். லட்சியம் மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். அந்தச் சாதிக்குத்தான் கஃபே ரேசர் என்று பெயர். ஜூக்பாக்ஸில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, அது முடிவதற்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிற்பார்கள் என்று ஒரு கதையும் உண்டு.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. காலையில் ரத்த அழுத்த மாத்திரை, ராத்திரி கொழுப்பு மாத்திரை. என் மைத்துனன் கை மாற்றிவிட்ட 1994-ஆம் வருடத்து புல்லட் 350-க்கு வெறும் 18 குதிரைசக்தி. இந்த இரண்டு கிழங்களையும் சேர்த்துப் பார்த்த ஒரு பட்டறைக்காரர், "சார், இத கஃபே ரேசர் ஆக்கிடலாம். உங்க பர்சனாலிட்டிக்கு சூட் ஆகும்" என்றார். பர்சனாலிட்டி என்ற சொல்லை என்னை வைத்து யாரும் உபயோகித்ததில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

பழைய புல்லட்டில் ஹெட்லைட் டூம்தான் முகம். நடுவே மீட்டர், அதற்குக் கீழே ஆம்பியர் மீட்டர், இரண்டு பக்கமும் டைகர் லைட் என்று சொல்லும் குட்டி விளக்குகள். எல்லாம் மொத்தமாகக் கழன்றது. அங்கே ஒரு கைப்பிடி அளவு ஹெட்லைட் வந்தது. முன் ஃபோர்க் போய் டிஸ்க் பிரேக் வைத்த வேறொரு ஃபோர்க் வந்தது. 19 அங்குல ஆரச் சக்கரம் போய் 17 அங்குல அலாய் வந்தது. மீட்டருக்குச் சுழற்சி தருகிற சின்னப் பல்சக்கரப் பெட்டி பழைய முன் சக்கரத்தின் அச்சில் இருந்தது. சக்கரத்தோடு அதுவும் போயிற்று. "மீட்டர் எங்கே?" என்று கேட்டேன். "மினிமல் லுக் சார்" என்றார்.

லண்டன் பையன்கள் எதை எதையோ கழற்றினார்கள். 100 மைலைத் தொட்டதற்குச் சாட்சி சொல்ல முள் வேண்டும் என்ற அளவுக்கு அவர்களுக்குப் புத்தி இருந்தது.

அப்படியே ஓடிக்கொண்டிருந்திருப்பேன். 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வேக வரம்பு வைத்தது. இருசக்கர வண்டிக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதியில் எல்லாருக்கும் 30. என்னைப் பொறுத்தவரை 50 என்பது கண்ணாடியில் இரண்டு ஆட்டோ. ஸ்பீடு கன் வைத்திருக்கும் போலீஸ்காரரிடம் அதை எப்படிச் சொல்வது?

மைத்துனன் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தவன், மோர் சாதத்தின் நடுவே விளக்கினான். "அத்தான், மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல 117-ஆம் விதி. வண்டியில ஸ்பீடோமீட்டர் இருந்தே ஆகணும்." அதோடு விட்டிருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறதாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டாம். சொல்லிவிட்டு ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்து விரல்விட ஆரம்பித்தான். "ஃபோர்க் ஒண்ணு, வீல் ரெண்டு, சைலன்சர் மூணு…" ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனபோது ரசம் ஊற்றச் சொல்லிப் பேச்சை மாற்றினேன். மோர் சாதத்துக்கு மேல் ரசம் கேட்டவன் அந்த வீட்டில் நான்தான்.

சட்டம் வண்டியில் எது கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறதோ அதைக் கழற்றி, எதையெல்லாம் தொடாதே என்கிறதோ அதையெல்லாம் மாற்றியிருந்தோம். ஃபோர்க்கைத் திருப்பி மாட்டுவது பெரிய செலவு. முதலில் மீட்டர் என்று முடிவாயிற்று.

புதுப்பேட்டையில் கிடைக்காத சாமான் கிடையாது. கேட்டது கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் மட்டும்தான் கிடையாது. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனோடு போய், பழைய புல்லட் மீட்டர் ஒன்று, மீட்டர் கேபிள் ஒன்று, அந்தப் பல்சக்கரப் பெட்டி ஒன்று வாங்கினோம். பெட்டி புதுச் சக்கரத்தின் அச்சில் உட்காரவில்லை. அது உட்கார வேண்டிய பக்கத்தில் டிஸ்க் உட்கார்ந்திருந்தது. லேத் பட்டறைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், பீடியைப் பற்ற வைத்தார், அணைத்தார். "மறு பக்கம் வச்சிரலாம் சார். ஒரு புஷ் கடைஞ்சா முடிஞ்சுது" என்றார். கடைந்தார். முடிந்தது. பெட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. கேபிள் ஏறியது. நான் தெருவில் ஓட்டிப் பார்த்தேன்.

முள் அசையவில்லை. அசையவில்லை என்பதுகூடச் சரியில்லை. குனிந்து பார்த்தால், பூஜ்யத்தில் இருக்கும் தடுப்பு ஊசியை அழுத்திக்கொண்டு இன்னும் கீழே போக முயன்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழே கிலோமீட்டர் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன, பின்னோக்கி.

இங்கே மீட்டரின் உள்விவகாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அதை உள்ளும் புறமும் படித்துவிட்டேன், கேட்க வீட்டில் ஆள் இல்லை. 1902-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஓட்டோ ஷுல்ட்ஸெ என்பவர் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. சக்கரம் சுழன்றால் கேபிளுக்குள் இருக்கும் எஃகுக் கம்பி சுழலும். கம்பியின் மேல் முனையில் ஒரு காந்தம் சுழலும். காந்தத்தின் மேல் அதைத் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் சுழலும் காந்தம் அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். அந்த மின்னோட்டத்தால் கிண்ணமும் காந்தத்தின் கூடவே ஓடப் பார்க்கும். முடியைப் போன்ற ஒரு சுருள்வில் அதை ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கும். இந்த இழுபறியில் கிண்ணம் எவ்வளவு திரும்புகிறதோ அதுதான் முள் காட்டும் வேகம். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். நெடுங்காலம் உலகமே இதை நம்பித்தான் ஓடியது.

ஆனால் காந்தம் எந்தப் பக்கம் சுழல்கிறதோ அந்தப் பக்கம்தான் கிண்ணம் போகும். சக்கரத்தின் வலது பக்கத்துப் பெட்டியை இடது பக்கம் மாட்டினால் சுழற்சி தலைகீழாகிவிடும். அதனால்தான் முள் பூஜ்யத்துக்குக் கீழே இடம் தேடிக்கொண்டிருந்தது. கிலோமீட்டர் கணக்கோ, வண்டி ஓட ஓடக் குறைந்துகொண்டே வந்தது.

லேத் பட்டறைக்காரரிடம் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை. "விடுங்க சார், நல்லா ஓட்டுங்க. விக்கும்போது நல்ல ரேட்டு போகும்" என்றார்.

மனைவி வாசலில் நின்று எண்கள் பின்னால் உருள்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி தேதிக்குப் போறதுக்குள்ள நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அது மிரட்டலா, யோசனையா என்று இன்றுவரை தெரியவில்லை.

இடையில் மகளுடைய போனை ஹேண்டில்பாரில் மாட்டி ஜி.பி.எஸ். செயலியில் வேகம் பார்க்கலாம் என்று ஒரு திட்டம். கம்பி வேண்டாம், சக்கரம் எந்தப் பக்கம் சுழன்றாலும் கவலையில்லை. ஆனால் மோட்டார்சைக்கிளின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருந்ததை மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். "சாதா பைக்குக்கே இப்படிப்பா. உங்களுதுல ஆட்டோவே ரெண்டா தெரியுது" என்றாள். போன் அவள் கைக்குத் திரும்பியது.

அடுத்தது ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அங்கே ஒரு கடையில், உள்ளங்கை அளவில் வட்டமான டிஜிட்டல் மீட்டர் வாங்கினேன். எந்த வண்டிக்கும் பொருந்தும் என்றார்கள். கேபிள் கிடையாது. சக்கரத்தில் ஒரு காந்தப் பொட்டு ஒட்ட வேண்டும், ஃபோர்க்கில் ஒரு சென்சார். காந்தம் ஒவ்வொரு முறை தாண்டிப் போகும்போதும் சென்சார் ஒரு துடிப்பு அனுப்பும். சக்கரத்தின் சுற்றளவு எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் நாம் சொல்லிவிட்டால், மீட்டர் மீதியைப் பெருக்கி வகுத்துக் காட்டிவிடும்.

மெக்கானிக் அண்ணன் நல்லவர். முன்யோசனைக்காரர். "புல்லட் ஆட்டத்துல ஒண்ணு கழண்டு விழுந்தாலும் இன்னொண்ணு இருக்கும் சார்" என்று இரண்டு காந்தங்களை ஒட்டிவிட்டார். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. மீட்டர் பாவம், சக்கரம் இரண்டு சுற்று சுற்றிவிட்டதாக நம்பியது. ஆஞ்சநேயர் கோவில் தெருவில் நான் 84-இல் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பள்ளிப் பையன் சைக்கிளில் கொஞ்ச தூரம் கூடவே வந்தான்.

ஒரு காந்தத்தைப் பிய்த்தெடுத்ததும் சரியானது, ஓடும்போது. நிற்கும்போதுதான் அடுத்த வேடிக்கை. சிக்னலில் வண்டி அசையாமல் நிற்கும், மீட்டர் திடீரென்று 199 காட்டும். பக்கத்தில் நின்ற உணவு டெலிவரிப் பையன் எட்டிப் பார்த்து, "அண்ணே, நிக்கும்போதே இப்படின்னா…" என்று வாக்கியத்தை முடிக்காமல் நகர்ந்துவிட்டான். காரணம் ஸ்பார்க் பிளக். பிளக்கில் பொறி பறக்கும்போதெல்லாம் அது ஒரு சின்ன ரேடியோ நிலையமாகிச் சுற்றுவட்டாரத்துக்கு ஒலிபரப்பு செய்கிறது. சென்சார் ஒயர் பிளக் ஒயரை உரசிக்கொண்டு போனால் அந்த ஒலிபரப்பையும் துடிப்பென்று எண்ணிவிடும். ரெசிஸ்டர் வைத்த பிளக் மாற்றி, சென்சார் ஒயரைத் தள்ளிக் கட்டியதும் 199 நின்றது. எனக்கு அதில் லேசான வருத்தம்தான். ஏஸ் கஃபேக்காரர்களின் 160-ஐ நான் மவுண்ட் ரோடு சிக்னலில் நின்றபடியே தாண்டியிருந்தேன்.

இதற்குப் பிறகு ஒரு பொற்காலம். மீட்டர் ஒழுங்காக, கௌரவமாக வேகம் காட்டியது. நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடவே காட்டியது. "பார், 56" என்று மனைவியிடம் காட்டினேன். அவள் மீட்டரைப் பார்க்கவில்லை, எங்களைத் தாண்டிப் போன மாநகரப் பேருந்தைப் பார்த்தாள். அவள் கணக்கு டீச்சர். "சுற்றளவு எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்றாள்.

2035 மில்லிமீட்டர். கடைக்காரர் புல்லட் என்றதும் போட்ட எண். 3.25-19 டயருக்கு அது சரி: 19-உடன் இரண்டு முறை 3.25-ஐக் கூட்டினால் 25.5 அங்குலம், அதைப் பையால் (π) பெருக்கி மில்லிமீட்டருக்கு மாற்றினால் 2035 வரும். ஆனால் இப்போது இருப்பது 100/80-17. அதற்குக் கணக்குப்படி 1859. "கணக்குப்படியும் வேண்டாம், அளந்துரலாம்" என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள்.

டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு, அதற்கு நேரே தரையில் ஒரு கோடு. வண்டியை நேராக உருட்டி, டயர்க் கோடு மறுபடி தரைக்கு வரும்போது அங்கே இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே தையல் டேப். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காலி வண்டியை உருட்டி அளந்தால் தப்பு. ஆள் ஏறினால் டயர் அமுங்கும், ஒரு சுற்றில் போகும் தூரம் குறையும். ஆகவே ஓட்டுகிறவர் மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். "ஏறி உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். மெக்கானிக் அண்ணனும் மகளும் இரண்டு பக்கமும் பிடித்து என்னைத் தள்ளினார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ, "சாருக்கு என்ன ஆச்சு?" என்று விசாரித்தார்கள்.

1820. மனைவி டேப்பைப் பார்த்தாள், டயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "காத்துக் கம்மியா இருக்கும்" என்றேன். மெக்கானிக் அண்ணன் கேஜ் வைத்துப் பார்த்து, காற்று சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். முன்யோசனைக்காரர் என்று சொன்னேனே, எல்லா நேரமும் இல்லை.

2035-ஐ 1820-ஆல் வகுத்தால் 1.118. என் 56 என்பது உண்மையில் 50. விட்டுக்கொடுக்க மனமில்லை. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 39-ஆம் விதி என்று ஒன்று வைத்திருக்கிறது. அதன்படி மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மையான வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை. 50-இல் போகும் வண்டி 59 வரை காட்டினாலும் அங்கே குற்றமில்லை. "என் 56 ஐரோப்பாவில் செல்லுபடியாகும்" என்றேன்.

"அப்போ ஐரோப்பாவில ஓட்டுங்க" என்று சொல்லி, பொத்தானை அழுத்திப் பிடித்து 1820 என்று மாற்றிவிட்டாள்.

உண்மை நிலவரம் இதுதான். எங்கள் தெருவில் அம்மா சொல்லும் 100 என்பது 27. மனைவியின் 80 என்பது 41. மகள் சொன்ன 20 மட்டும் ஏறக்குறைய சரியாக இருந்தது. என் ஆட்டோக் கணக்கில் இரண்டு ஆட்டோ என்பது 50 இல்லை, 38. அபராதத்துக்குப் பயந்து மீட்டர் மாட்டியவன் வேக வரம்பைத் தொடவே மெனக்கெட வேண்டியிருக்கிறது. மைத்துனனுக்கு இதைச் சொல்லவில்லை. ஃபோர்க்குக்கு என்ன செய்யலாம் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அதுவும் உண்மைதான்.

வேகம் காட்டும் எண்ணால் எனக்கு மானம்தான் போயிற்று. அதற்குக் கீழே சின்னதாக ஓடுகிற கிலோமீட்டர் எண்தான் ஆபத்தானது. மீட்டர் இல்லாத காலத்தில் நான் பால் வாங்கப் போனால் பால் வாங்கப் போனதாகத்தான் அர்த்தம். இப்போது மனைவி, கிளம்பும்போது ஓர் எண்ணையும் திரும்பும்போது ஓர் எண்ணையும் பால் கணக்கு டைரியிலேயே குறித்துக்கொள்கிறாள். "ஆவின் பூத் நானூறு மீட்டர். போக வர எண்ணூறு மீட்டர், ஒரு கிலோமீட்டர்னே வச்சுக்குவோம். மீட்டர்ல பதினொண்ணு ஓடியிருக்கே?" பரங்கிமலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வெங்காய பஜ்ஜி நன்றாக இருக்கும். கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவன் இதை எந்த விதியின் கீழ் விளக்குவது?

மாற்றிய வண்டிக்கு மீட்டர் மாட்டப் போகும் குடும்பஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கேபிள் மீட்டர் கிடைத்தால், சுழலும் திசையைப் பார்த்து அதையே மாட்டுங்கள். டிஜிட்டல்தான் வேண்டுமென்றால், டிரிப் மீட்டரும் அதைப் பூஜ்யமாக்கும் பொத்தானும் இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள். ஆனால் அந்தப் பொத்தான் டிரிப் கணக்கை மட்டும்தான் அழிக்கும். மொத்தக் கணக்கை அது ஒன்றும் செய்யாது, அதைத்தான் மனைவிமார்கள் டைரியில் எழுதுகிறார்கள்.